குளத்து நெல்லுக்கு வந்த பழி

தஞ்சாவூருக்கு நான் இலை பறிக்கப் போனேன். சொன்னால் எல்லாரும் சிரித்தார்கள். விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "பெரிய கோயில் பாக்கவா?" என்று கேட்டார். நெல் இலை பறிக்க என்றேன். "கெடாவுல இல்லாத நெல்லா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். நான் பிறந்ததும் வேலை பார்ப்பதும் மலேசியாவின் கெடா மாநிலத்தில். ஜன்னலைத் திறந்தால் வயல். ஆனால் அந்த மனிதருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வயல்களில் ஒரு களை உண்டு. பார்க்க நெல் மாதிரியே இருக்கும். அறுப்பதற்கு முன்பே மணியெல்லாம் உதிர்ந்து மண்ணுக்குள் போய்விடும், அடுத்த போகத்தில் முளைத்து வரும். மலாய்க்காரர்கள் அதைக் காற்று நெல் என்பார்கள். லேசாகக் காற்றடித்தால் போதும், கொட்டிவிடும். இது நாம் பயிரிட்ட நெல்லே கெட்டுப்போய் வந்ததா, காட்டு நெல்லிலிருந்து வந்ததா என்பது எங்கள் பேராசிரியர் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. நான் அவருடைய சோதனைக்கூடத்தில் உதவியாளர். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு நெல் நாட்டுக் களையும் அங்குள்ள காட்டு நெல்லும் வேண்டும். இந்தியாவிலிருந்து ஓர் இலையைக்கூட அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. இலை வராது என்பதால் நான் போனேன். சோதனையைத் தஞ்சாவூரிலேயே செய்துவிட்டு முடிவை மட்டும் எடுத்து வரவேண்டும்.

திருச்சியில் இறங்கி பஸ் ஏறினேன். கையில் ஓர் ஐஸ் பெட்டி. கண்டக்டர் அதைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மீனா?"

"காலிப் பெட்டி."

"காலிப் பெட்டியவா இவ்ளோ தூரம் தூக்கிட்டு வர்றீங்க? மடில வெச்சுக்குங்க, வழில வெக்காதீங்க."

தஞ்சாவூர் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கால் மரத்துவிட்டது. நான் தங்க வேண்டிய விடுதி பஸ் போகும் வழியிலேயே இருந்தது. இறக்கிவிடச் சொன்னதற்கு, "அங்கெல்லாம் நிக்காது" என்று விசிலை ஊதிவிட்டார். விடுதியின் பெயர்ப் பலகை என் கண் முன்னால் பின்னோக்கிப் போனது. புதிய பஸ் நிலையத்தில் இறங்கி, வந்த வழியே ஆட்டோவில் திரும்பினேன்.

ஆட்டோக்காரர் கேட்ட முதல் கேள்வி, "உங்க பூர்வீகம் எந்த ஊரு?" விடுதி மேலாளர் அதையே கேட்டார். சாப்பாட்டுக் கடைக்காரரும் கேட்டார். தாத்தாவின் ஊர் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும், அதற்குத்தான் இந்த அக்கறை என்று எனக்குத் தெரியாதா? எல்லாரிடமும் கெடாவில் இருக்கும் என் ஊரான "சுங்கை பட்டாணி"யைச் சொல்லி வாயை அடைத்தேன். அந்தக் கடையில் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்றை ஊற்றினார்கள். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்ந்து வெள்ளையாக இருந்தது. முதலில் முகத்தைச் சுளித்தேன். பிறகு இரண்டு முறை கேட்டு வாங்கினேன். காபி அருமை. ஆனால் டம்ளரின் அளவைப் பார்த்தால் மருந்து கொடுக்கிறார்களோ என்று தோன்றும். எங்கள் ஊரில் ஒரு குவளை வாங்கினால் ஒரு சண்டையே போட்டு முடிக்கலாம்.

திங்கட்கிழமை காலை ஸ்டெல்லா ஸ்கூட்டரில் வந்தாள். இங்கே ஒரு சோதனைக்கூடத்தில் விஞ்ஞானி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். பேச்சும் வண்டியும் ஒரே வேகம். "உக்காருங்கக்கா, பெட்டிய நடுவுல வைங்க, புடிச்சுக்குங்க" என்றாள். எதைப் பிடிப்பது என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

பூதலூர்ப் பக்கம் ஓர் ஊர். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் குளத்தை வேடிக்கை பார்க்க நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். பாதி வழியில் டயர் பஞ்சர். பஞ்சர் கடை திறந்திருந்தது, ஆள் இல்லை. கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். கடையைத் திறந்து போட்டுவிட்டா போவார்கள் என்று நான் கத்தினேன். பக்கத்துக் கடைப் பெண், "தொறந்து கெடந்தா என்னங்க, பஞ்சரையா திருடிட்டுப் போவப் போறாங்க?" என்றாள். கடைசியில் வைக்கோல் ஏற்றி வந்த ஒரு டிராக்டரில் ஸ்கூட்டரைத் தூக்கிப் போட்டு, நாங்களும் மேலே ஏறிப் போனோம். அன்று முழுக்க உடம்பு அரித்தது.

போய்ச் சேர்ந்தது செல்வமணி அக்காவின் வயலுக்கு. ஐம்பதைத் தாண்டியவர். கணவர் குவைத்தில் டிரைவர். நிலம் முழுக்க அக்காவின் பொறுப்பு. விதைக்கென்று நெல் விளைவிக்கிறார். அவர் வயல் நெல்லைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் வாங்கி விதைப்பார்கள். அறுப்புக்கு முன் அதிகாரி வந்து வயலைப் பார்ப்பார். வேற்று நெல் அளவுக்கு மேல் கண்ணில் பட்டால் விதைக்கு ஆகாது என்று தள்ளிவிடுவார். பம்புசெட் தண்ணீரில் கோடைப் பயிர் கதிர் வாங்கி நின்றது. அதற்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு அங்கங்கே வேறு கதிர்கள். மணி நுனியில் சிவந்த நீள வால். தொட்டேன். உள்ளங்கையில் உதிர்ந்தது. உமியை உரித்தால் சிவப்பு அரிசி. எங்கள் காற்று நெல்லேதான்.

"இதப் புடுங்கிப் புடுங்கியே எனக்கு இடுப்பு போச்சு," என்றார் அக்கா. "ஆளு வுட்டுப் புடுங்கினேன். ஒரு வாரம் கழிச்சு வந்து பாத்தா, இப்ப என்ன பண்ணுவேங்கிற மாதிரி நிக்கிது. ரெண்டு வருஷமா இதே ரோதன. அதிகாரி வர்ற வாரம் வர்றாரு. எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும். நீங்க எழுதி மட்டும் குடுங்க."

"எங்கேர்ந்து?"

வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார். பள்ளத்தில் ஒரு குளம். கோடையில் தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் சேறு. அந்தச் சேற்றில் பச்சைப் புதர்கள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டேன். காட்டு நெல். ஒன்றிரண்டு அல்ல, கரை முழுக்க. எங்கள் ஊரில் இப்படி ஒரு குளத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொரு தூரிலும் ஓர் இலையைக் கிள்ளி, ஈரம் உறிஞ்சும் குருணை போட்ட பொட்டலங்களில் வைத்தேன்.

"யாரும்மா அது எங்கொளத்துல?" என்று ஒரு குரல். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். சவரிமுத்து. குளத்தின் மீன் குத்தகை அவருடையது. வயது அறுபதுக்கு மேல். ஸ்டெல்லா என்னை அறிமுகப்படுத்தினாள். அதிலிருந்து நான் அவருக்கு "மலேசியா".

"மலேசியா, நீயே சொல்லு. கொளம் பள்ளத்துல கெடக்கு. தங்கச்சி வயலு மேட்டுல இருக்கு. தண்ணி மேட்டுக்கு ஏறுமா?"

கரையிலிருந்து செல்வமணி அக்கா, "தண்ணி ஏறாதுண்ணே. ஒங்க புல்லு ஏறும்" என்றார்.

"புல்லு இருந்தாதான் அதுக்குள்ள மீன்குஞ்சு நிக்கும். புல்ல எடுத்தா கொக்குக்குத்தான் குத்தக எடுத்த மாதிரி."

"வியாழக்கெழம பொக்லைன் வருது. அப்ப கொக்குகிட்டயும் சொல்லிருங்க."

அக்கா ஊராட்சியில் பேசி, குளத்தைத் தூர்வார அனுமதி வாங்கிவிட்டிருந்தார். அடியோடு வழித்து எடுத்துவிடுவார்களாம். இலை இன்று கிடைத்துவிட்டது. ஆனால் இலை மட்டும் போதாது. இந்த நெல் மார்கழி வாக்கில்தான் கதிர் வாங்கும். அப்போது மறுபடி வந்து பூவையும் மணியையும் பார்த்தால்தான் இது எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல முடியும். வியாழக்கிழமைக்குப் பிறகு எதைப் பார்ப்பது?

"கொஞ்ச நாள் தள்ளிப் போட முடியாதாக்கா?"

"ஒங்க ஆராய்ச்சிக்கு எங்கொல நடுங்கணுமா? சோதன பண்ணிக் கொளம் இல்லன்னு சொல்லுங்க, நிறுத்துறேன். கொளம்தான்னா நிறுத்த மாட்டேன்." முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு இப்படிப் பேசுகிறவர்களைப் பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. குளத்து விரால் குழம்பு. சண்டை ஒரு பக்கம் இருந்தாலும் மீன் சவரிமுத்துவிடம்தான் வாங்குகிறார். சோதனை என்ன சோதனை என்று கேட்டார். எனக்கு நாசூக்காக விளக்க வராது. தெரிந்த மாதிரி சொன்னேன். இலைக்குப் பச்சை நிறம் தருவது உள்ளே இருக்கும் பொடிப்பொடி உருண்டைகள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பசுங்கணிகம் என்று இருக்கும். நூறு கோடி வருஷத்துக்கும் முன்னால் அது தனியாகத் திரிந்த நுண்ணுயிர். இன்னோர் உயிர் அதை விழுங்கியது, செரிக்கவில்லை. உள்ளேயே குடித்தனம் போட்டு வெயிலில் சமைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் இன்றைக்கும் அதற்குச் செடியின் மரபணுவோடு சேராத தனி மரபணு உண்டு. நெல்லில் அது தாயிடமிருந்து மட்டும்தான் விதைக்குள் போகும். மகரந்தம் அதைக் கொண்டுவராது. கலப்பில்லாமல், மெதுவாக மாறிக்கொண்டே, தாய்க்குத் தாய் வருவதால் அதை வைத்துத்தான் எந்தச் செடி எந்த வழியில் வந்தது என்று கணக்குப் போடுகிறார்கள்.

"அப்ப அப்பன்காரன் ஒன்னும் தர்றதில்லையா?"

"மத்ததெல்லாம் தருவார்க்கா. இதை மட்டும் தர மாட்டார்."

"எங்கூட்டுக்காரரு மாரின்னு சொல்லுங்க. எல்லாம் அனுப்புவாரு, ஆளு மட்டும் வர மாட்டாரு." அக்கா சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு மீனை வைத்தார். போன இடமெல்லாம் என் தாத்தாவின் ஊரைக் கேட்டார்களே, ஒருவராவது அம்மாவின் ஊரைக் கேட்டாரா என்று எனக்கு அப்போது தோன்றியது. நெல்லிடம் பேசப் போனால் அம்மா பேச்சு மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை சோதனைக்கூடம். வேலை ஒன்றும் மந்திரம் இல்லை. இலையை அரைத்து மரபணுவைப் பிரிக்க வேண்டும். பசுங்கணிகத்தின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் பெருக்க வேண்டும். அக்கா பயிரிடும் நெல்லில் அந்த இடத்தில் ஒரு சின்னத் துண்டு விட்டுப்போயிருக்கிறது. ஸ்டெல்லா ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். குளத்து நெல்லில் துண்டு முழுதாக இருந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். பெருக்கியதைக் கூழ்ப் பலகையில் ஊற்றி மின்சாரம் விட்டால், குறைந்த துண்டு முன்னே ஓடும், முழுத் துண்டு பின்னே நிற்கும். களையின் கோடு எதற்கு நேராக நிற்கிறதோ, அதுதான் களையின் தாய்வழி.

மின்சாரம் விட்டோம். பாதியில் போய்விட்டது. ஜெனரேட்டர் இருக்கிறது. அதன் அறைச் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார். அவர் வீட்டுக்கே போய்க் கூட்டி வருகிறேன் என்று கிளம்பினேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். என்னால் உட்கார முடியவில்லை. தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கரண்ட் வந்தபோது கோடெல்லாம் கலைந்து மங்கிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் போன் செய்தார். ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஊர் சுற்றிப் பார்த்து முடிந்ததா?" நான் பதில் சொன்னதோ நிஜமாகவே தமிழில். அவருக்குப் புரிந்திருக்காது. அது அவருக்கு நல்லது.

புதன்கிழமை மறுபடி ஆரம்பத்திலிருந்து செய்தோம். சாயங்காலம் இருட்டறையில் விளக்குக்கு முன்னால் பலகையை வைத்து ஸ்டெல்லா பார்த்தாள். நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். பயிரின் கோடு முன்னே ஓடியிருந்தது. குளத்து நெல்லின் கோடு பின்னே நின்றது. அக்கா வயலில் பறித்த களைகள் ஒன்று விடாமல் குளத்து நெல்லுக்கு நேராக நின்றன.

"கொளம்தான்க்கா," என்றாள் ஸ்டெல்லா.

எங்கள் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்திருந்தது. இந்த வயல் களை, பயிர் கெட்டுப்போய் வந்தது அல்ல. காட்டு நெல்லின் வயிற்றில் பிறந்தது. பேராசிரியர் துள்ளிக் குதிப்பார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் கையாலேயே குளத்துக்குக் குழி வெட்டியாயிற்று.

"நாளைக்குப் போய் அக்காகிட்ட என்ன சொல்றது?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"இருக்கிறதைச் சொல்றது. வேற என்ன?"

எனக்கு மறைத்துப் பேச வராது. அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. வந்திருந்தால் அன்றைக்குப் பேசியிருப்பேன்.

வியாழக்கிழமை சீக்கிரமே கிளம்பினோம். பூதலூர் பக்கத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் வந்து, குறுக்கே நின்றுவிட்டது. போகவும் இல்லை, வரவும் இல்லை. நான் வண்டியை விட்டு இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். கேட்டோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "நீங்க மொறச்சா அது நகராதும்மா. இந்தா, நுங்கு சாப்பிடுங்க" என்றார். கோபத்தோடு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது பொக்லைன் குளத்துக்குள் இறங்கியிருந்தது. ஒரு மூலையில் கரையோரப் புதர்களைக் காணோம். கறுப்பாகப் பள்ளம். சேறு சொட்டச் சொட்ட ஒரு டிராக்டர் நிறைந்து நின்றது. செல்வமணி அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கரையில் நின்றார். சவரிமுத்து தள்ளி நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மண்ணுக்காக ஊர்க்காரர்கள் சிலர் பைக்கில் காத்திருந்தார்கள்.

"என்ன சொல்லுது ஒங்க சோதன?" அக்கா சத்தமாகக் கேட்டார். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றே கேட்டார்.

"உங்க களைக்குத் தாய் குளத்து நெல்தான்க்கா."

"பாத்தீங்களாண்ணே! நான் சொன்னப்பல்லாம் சண்டைக்கு வந்தீங்களே!"

சவரிமுத்துவின் முகம் தொங்கிவிட்டது. பிறகு என்னிடம் திரும்பினார். "சரி மலேசியா, தாயி எங்கொளம். தகப்பன் யாரு?"

"சோதனை அதைச் சொல்லாது. ஆனா செடியைப் பார்த்தா அக்கா பயிரோட சாயல் இருக்கு. இந்த வயல்லேர்ந்து மகரந்தம் பறந்து குளத்துக்கு வந்திருக்கலாம்."

"கேட்டியா தங்கச்சி! எங்கொளத்துக்கு வந்து போனது ஒன் வூட்டுப் பய! அவன வயல்ல கட்டிப் போடாம, எங்க வூட்டுப் பொண்ண வெட்ட வந்துட்ட!"

பைக்கில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "யாரு வந்து போனா என்ன, வளந்தது ஒங்க கொளத்துல" என்றார்.

அந்தப் பேச்சுதான் என்னை நிறுத்தியது. மகரந்தம் பறக்கும். நெல்மணி பறக்காது. தாய் குளத்து நெல் என்றால் விதை குளத்தில் விளைந்து குளத்துச் சேற்றில்தான் உதிர்ந்திருக்க வேண்டும். குளம் பள்ளத்தில் கிடக்கிறது. இந்த ஆள் திங்கட்கிழமையிலிருந்து இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறார். அப்படியானால் விதை எப்படி வயலுக்கு ஏறியது?

அப்போது டிராக்டர் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. வண்டிப்பாதையைத் தாண்டி, விதை வயலை ஒட்டிய வெற்றுத் தாக்கின் பக்கம் திரும்பியது. தாக்கு என்றால் வயல் துண்டு. அதில் ஏற்கெனவே ஒரு குவியல் கறுப்பாகக் கிடந்தது.

"அது எங்கக்கா போகுது?"

"எந்தாக்குக்குத்தான். கொளத்து வண்டல சும்மாவா வுடுவாங்க? அடியொரமே வேணாம், அப்படி வெளையும்."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது போட்டீங்களா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. இந்தக் கொளத்துதுதான், கரையோரமா வழிச்சாங்களே."

"எந்த வயல்ல போட்டீங்க?"

அக்கா கையைத் தூக்கினார். விதைப் பயிர் நின்ற வயலைக் காட்டினார். கை பாதியில் நின்றது.

அவருக்கு நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். ஆத்திரத்தில் கத்தியே சொன்னேன். குளத்து நெல்லின் மணி சேற்றுக்குள் வருஷக்கணக்கில் தூங்கும். ஈரமும் வெயிலும் கண்டால் எழுந்திருக்கும். காற்றும் கொண்டுவரவில்லை, தண்ணீரும் கொண்டுவரவில்லை. வாடகை வண்டி வைத்து நீங்களே கொண்டுவந்து பரப்பினீர்கள், இன்றைக்கும் பரப்புகிறீர்கள். இன்னும் ஏதேதோ சொன்னேன். ஸ்டெல்லா என் முழங்கையை இடித்தாள்.

அக்கா அதற்குள் ஓடிக்கொண்டிருந்தார். சேலையை வாரிச் செருகிக்கொண்டு வரப்பின் குறுக்கே ஓடி, டிராக்டருக்கு முன்னால் போய் நின்றார். "கொட்டாத! டேய், கொட்டாதடா! பின்னால எடு!" டிராக்டர்காரர் ஒன்றும் புரியாமல் என்ஜினை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றதும் ஊரே நின்ற மாதிரி இருந்தது.

பொக்லைன் கான்ட்ராக்டர் வந்தார். "என்னம்மா வெளாட்டா? மண்ணு வேணும்னு நீங்கதான் கூப்புட்டீங்க. மண்ணு எடுக்குறவங்க காசுலதான் வண்டி ஓடுது. எடுக்குற ஆளு இல்லன்னா நான் எதுக்கு வண்டிய இங்க வெச்சிருக்கணும்?" பைக்கில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு?"

"எனக்கு வேணாம்ப்பா," என்றார் ஒருவர். அடுத்தவர் பைக்கை உதைத்துக் கிளப்பினார். தென்னைக்குப் போடலாமே என்றேன். "தென்னைய சுத்தியும் வயலுதானம்மா" என்று மூன்றாமவர் போய்விட்டார். அன்றைக்கு வரை தங்கமாக இருந்த மண். அரை நாழிகையில் அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. டிராக்டர் தன் சுமையைக் குளத்துக்குள்ளேயே கவிழ்த்துவிட்டுப் போனது. பொக்லைனும் கரையேறிப் போனது. குளம் பிழைத்தது. காட்டு நெல்லின் அருமையை நான் எடுத்துச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சேற்றுக்குக் கெட்ட பெயர் வந்ததால் பிழைத்தது.

அக்கா வரப்பில் நின்று போனை எடுத்தார். விதை அதிகாரியிடம்தான் பேசினார். "வர்ற வாரம் வர வேணாம் சார். இத வெதைக்குத் தர மாட்டேன். அரிசியா அரைக்கக் குடுத்துடுறேன். இத வெதன்னு குடுத்தா நாலு ஊரு வயலு கெட்டுப்போவும்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு போகத்து உழைப்பு அதில் போகிறது. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று பார்த்தேன்.

"என்ன நிக்கிற?" என்றார். 'ங்க' போய்விட்டிருந்தது. "அந்தக் குமிய யாரு அள்ளுறது?"

முதலில் கொட்டிய அந்த ஒரு குவியல், வெற்றுத் தாக்கின் நடுவில் அப்படியே கிடந்தது. அள்ள எந்திரம் இல்லை. மண்வெட்டியும் பாண்டுச் சட்டிகளும் வந்தன. நான் வெட்டினேன். ஸ்டெல்லாவும் அக்காவும் சுமந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த சவரிமுத்து, தலையில் துண்டைச் சும்மாடு கட்டிக்கொண்டு வந்தார்.

"ஊரு ஒலகத்துல கொளத்துலேர்ந்து மண்ண எடுப்பாங்க. நாம எடுத்த மண்ணக் கொளத்துல போடுறோம். வெளிய சொல்லாத மலேசியா, சிரிப்பாங்க."

"மொதல்ல தூக்குங்கண்ணே. பேச்ச அப்பறம் போடலாம்," என்றார் அக்கா.

வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. குவியல் குறைந்து, கடைசியில் தரையில் கறுப்புத் தடம் மட்டும் இருந்தது. கடைசிச் சட்டியைச் சவரிமுத்து தூக்கிக்கொண்டு போனார். நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். அக்கா உட்காரவில்லை. தாக்குக்குள் குந்தி, வெடிப்புக்குள் விழுந்திருந்த கட்டிகளை விரலால் கிளறி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"போதும் விடுங்கக்கா," என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"போதுமா போதாதான்னு மார்கழில வந்து பாத்துட்டுச் சொல்லு."